சுவிசேஷத்துக் காசுகளும் கரூர் ஆற்றுக் காசுகளும்



செசாருக்கு வரி கொடுப்பது நியாயமா, இல்லையா என்று சேசுநாதரைச் சிக்கவைக்கும்படி சிலர் வந்து கேட்ட சங்கதி உங்களுக்குத் தெரியும். அவர் உடனே விடை சொல்லவில்லை. வரிக்காசு ஒன்றைக் காட்டச் சொன்னார், காட்டினார்கள். அதிலுள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று கேட்டார். செசாருடையவை என்றார்கள். அதற்குப்பின் அவர் சொன்ன விடையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்தக் காசைப் பற்றி எவரும் பிரசங்கம் செய்வதில்லை. இந்த வாரம் அதைக் கொஞ்சம் கையிலெடுத்துப் பார்ப்போம். அது நமக்கு அந்நியமான காசு அல்ல. யூதேயா தேசத்து மண்ணில் அக்காசு அரிதாகவே அகப்பட்டிருக்க, நம் கோயம்புத்தூர்ச் சீமையில் பானை பானையாகக் கிடைத்திருக்கிறது.

அதன் பெயர் தெனாரி. வெள்ளிக்காசு. எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு தோலா. திராட்சைத் தோட்டத்து வேலையாட்களுக்கு எஜமான் பேசிய நாள் கூலி இந்த ஒரு காசுதான். நம் ஆண்டவர் பிரசங்கித்த நாட்களில் ரோமையில் அரசாண்டவன் திபேரியு செசார். அவன் ஆட்சி கி.பி. 14 முதல் 37 வரை. அவன் வெளியிட்ட தெனாரியில் ஒருபுறம் வாகைமாலை சூடிய அவன் தலை. சுற்றிலும், தெய்வமாக்கப்பட்ட அகுஸ்துவின் குமாரன் திபேரியு என்று பொருள்படும் எழுத்து. மறுபுறம் செங்கோலும் கிளையும் ஏந்தி உட்கார்ந்திருக்கும் ஒரு ஸ்திரீ. பெரிய குரு என்ற பட்டம். தெய்வத்தின் மகன் என்றும் பெரிய குரு என்றும் தன்னைச் சொல்லிக்கொள்ளும் மனிதனின் காசு, மெய்யான தேவசுதனும் நித்திய குருவுமானவருடைய கண்முன் நீட்டப்பட்டது. இதை நினைத்துக்கொண்டு அந்த அதிகாரத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள்.

சாஸ்திரிகளில் சிலர் அது திபேரியுவின் காசாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, அகுஸ்துவின் காசாகவும் இருக்கலாம் என்பார்கள். இருக்கட்டும். அந்த இருவர் காசுகளும் நம் நாட்டில் கலந்தே கிடைக்கின்றன. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-லும் 1891-லும் இரண்டு புதையல்கள் வெளிப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஐந்நூறுக்கு மேல் வெள்ளிக்காசு. 1946-ல் உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தது. இவற்றில் மிகப்பெரும்பாலானவை அகுஸ்து, திபேரியு என்ற இரண்டு செசார்களின் காசுகளே.

இதுவரை சொன்னது ரோமையின் பொதுக்காசு. இராச்சியம் முழுவதும் செல்லும்படி சில பெரிய அக்கசாலைகளில் அடித்தது. இதைத் தவிர இன்னொரு வகை உண்டு. ரோமையின் கீழிருந்த மாகாணங்களில், சிறப்பாகக் கிரேக்க மொழி பேசிய கிழக்குப் பக்கத்தில், ஒவ்வொரு நகரமும் தன் சந்தைக்கு வேண்டிய சில்லறையைத் தானே அடித்துக்கொண்டது. பெரும்பாலும் செம்பும் வெண்கலமும். சில இடங்களில் வெள்ளி. ஒருபுறம் செசார் தலை இருக்கும். மறுபுறம் அந்த ஊர்க் கோயிலோ, ஆறோ, தேவதையோ, ஊர் அதிகாரியின் பெயரோ இருக்கும். இவைதான் மாகாண நாணயங்கள். நமக்கு எளிதில் விளங்கும்படி சொன்னால், இங்கிலீஷ்காரன் ரூபாய் நாடெங்கும் ஓடிய காலத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு தனியே ஓடியதே, அதைப்போல. புதுக்கோட்டையைத் தாண்டினால் அம்மன் காசை வாங்குவார் இல்லை. எபேசு நகரத்துக் காசும் அப்படியே.

இவ்வகை நாணயங்களை ஐந்நூறுக்கு மேற்பட்ட நகரங்கள் அடித்தன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு முடியுமுன் அந்த வழக்கம் ஒழிந்தது. இவற்றை ஊர்வாரியாக வரிசைப்படுத்தும் பெருநூலின் முதற்பாகம் 1992-ல் தான் அச்சேறியது. அந்த ஒரு பாகத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வகைகள். சேகரிப்போர் இந்தக் காசுகளை ஆசையோடு தேடுவதற்குக் காரணம், சில வகைகளில் உலகம் முழுவதும் இரண்டு மூன்று காசுகளே மிஞ்சியிருப்பதுதான். நமக்கோ வேறொரு காரணம் இருக்கிறது. சுவிசேஷத்திலும் அப்போஸ்தலர் நடபடியிலும் வரும் காசுகளில் பல இந்த இனத்தைச் சேர்ந்தவை.

போஞ்சு பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அவன் 29 முதல் 31 வரை சிறு செப்புக்காசுகள் அடித்தான். நம் பழைய காலணாவைவிடச் சிறிது. அவனுக்கு முன்னிருந்த ரோம அதிகாரிகள் யூதருடைய மனம் நோகாதபடி வாற்கோதுமைக் கதிர், பேரீச்சமரம் என்று போட்டார்கள். பிலாத்துவோ அஞ்ஞானப் பூசைக்குரிய கரண்டியையும், வளைந்த கோல் ஒன்றையும் போட்டான். அந்தக் கோலைப் பார்த்தவுடன் மேற்றிராணியாரின் கோல் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது பறவை பறக்கும் திசை பார்த்துக் குறி சொல்லும் ரோமப் பூசாரிகளின் கோல். வேத பிரமாணத்தைக் கைக்கொள்ளும் ஜனம் தினந்தோறும் அந்தக் காசைக் கொடுத்தே கீரையும் எண்ணெயும் வாங்கவேண்டியதாயிற்று. விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் நாம் சொல்லும் பெயருக்குரியவன், கதையில் வருகிற ஆள் அல்ல, செப்புக்காசில் தன் வருடக் கணக்கோடு நிற்கிற ஆள் என்பதற்கு இது கண்கண்ட சாட்சி.

தேவாலயத்து வரி வேறு. அதைத் தீரு நகரத்து வெள்ளிக்காசில் தான் செலுத்தவேண்டும். அக்காசில் ஒருபுறம் மெல்கார்த் என்ற விக்கிரகத்தின் தலை, மறுபுறம் கழுகு. விக்கிரகம் பொறித்த காசைத் தேவாலயம் எப்படி ஒப்புக்கொண்டது என்று கேட்பீர்கள். வெள்ளி சுத்தமாயிருந்ததே காரணம் என்பார்கள். எனக்கென்னவோ ஜரிகை வாங்கும் வியாபாரி ஞாபகம்தான் வருகிறது: புட்டாவில் மயிலா அன்னமா என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல, வெள்ளி எவ்வளவு என்பதே பேச்சு. ஊர் ஊராக வந்த யாத்திரிகர் கையிலோ தங்கள் தங்கள் ஊர்க் காசுதான் இருந்தது. அதனால் காசு மாற்றுகிறவன் பலகை போட்டான், வட்டமும் பிடித்தான். ஆண்டவர் கவிழ்த்தது அந்தப் பலகைகளைத்தான். கப்பர்நாகூமில் இராயப்பர் மீனின் வாயிலிருந்து எடுத்த காசும் இப்படிப்பட்ட முழுக்காசு. ஆளுக்கு அரைக்காசு வரி. ஒரு முழுக்காசு ஆண்டவருக்கும் அவருக்குமாகச் சரியாய்ப் போயிற்று. யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளியும் தீரு நகரத்துக் காசு என்பதே பலருடைய அபிப்பிராயம்.

ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசு எவ்வளவு பெறும்? அர்ச். மாற்கு இந்த இடத்தில் ஒரு சிறு குறிப்பு எழுதுகிறார்: அந்த இரண்டும் சேர்ந்து ரோமருடைய குவாத்ரான்ஸ் ஒன்றுக்குச் சமம் என்கிறார். அர்ச். லூக்காஸ் இதே சங்கதியைச் சொல்லும்போது அந்தக் குறிப்பு இல்லை. யூதேயா தேசத்துச் சில்லறை தெரியாத வாசகருக்காக மாற்கு எழுதினார் என்பதற்கு இதை ஓர் அடையாளமாக வேதபாரகர் காட்டுவது வழக்கம். குருமடத்தில் படித்த நாளில் மாணவர்களாகிய எங்களுக்கு மிகவும் பிடித்த சான்று அது. கணக்குப் பார்ப்போம். ஒரு தெனாரிக்கு 64 குவாத்ரான்ஸ். நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவள் போட்டது 10 ரூபாய். அதுதான் அவள் கையில் இருந்த முழுச்சொத்து. அந்தச் செப்புச் சில்லியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓரம் கோணலாய், எழுத்துப் பாதி விழாமல், எவரும் குனிந்து எடுக்காத காசு.

எபேசில் அர்ச். சின்னப்பருக்கு எதிராகத் தட்டார்கள் கூட்டம் கூட்டிய கலகம் நினைவிருக்கும். அப்போது நகரத்து எழுத்தர் ஜனங்களை அமர்த்தப் பேசிய பேச்சில், எபேசு நகரம் அர்த்தெமி தேவதையின் கோயிற்காவலி என்கிறார். அதற்குரிய கிரேக்கச் சொல் நெயோகோரோஸ். கோயிலைப் பெருக்கிக் காப்பவள் என்று பொருள். நேரோன் காலத்தில், கி.பி. 65, 66 வாக்கில் எபேசு அடித்த காசில் அந்தச் சொல்லே எழுதப்பட்டிருக்கிறது. நடபடி ஆகமத்தை எழுதினவர் அந்த ஊர்ப் பேச்சை எவ்வளவு சரியாகக் கேட்டு எழுதினார் பாருங்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேற்கிலிருந்து யவனர் கப்பல் முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்று 149-ஆம் பாட்டு சொல்லுகிறது. ரோமைப் பக்கத்திலிருந்து பிளினி என்பவர் கி.பி. 77-ல், இந்தியா வருஷந்தோறும் ஐந்து கோடி செஸ்தெர்ஸை உறிஞ்சிவிடுகிறது என்று அங்கலாய்த்தார். நான்கு செஸ்தெர்ஸ் ஒரு தெனாரி. நம் வியாபாரிகள் கெட்டிக்காரர். கி.பி. 64-ல் நேரோன் பொன், வெள்ளி இரண்டின் எடையையும் குறைத்தான். வெள்ளியில் கலப்பும் சேர்த்தான். நம் பக்கத்துப் புதையல்களில் அதற்கு முந்திய வெள்ளிதான் குவிந்து கிடக்கிறது. பிந்தியது மிக அற்பம். 1898-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசு அகப்பட்டது. அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், செசாருடைய முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. உள்ளே பொன்தானா என்று பார்த்தார்களோ, இனி இது காசாகச் செல்லாது, பொன்னாகத்தான் செல்லும் என்று காட்டினார்களோ, இருவிதமாகவும் சொல்லுகிறார்கள். ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கிற ஊர்க்காரருக்கு முதற்காரணமே ருசிக்கும்.

இப்படிப் பொன்னையும் வெள்ளியையும் நிறுத்து வாங்கிய இடத்தில், எபேசின் செப்புக்காசை யார் வாங்குவார்? மேலும் கப்பல்கள் புறப்பட்டது எகிப்து தேசத்துத் துறைகளிலிருந்து. எகிப்து நாட்டுக்குத் தனிக்காசு. அது எல்லைக்குள்ளேயே சுற்றவேண்டும் என்பது சட்டம். ஆகையால் மாகாண நாணயமும் கிரேக்க நகரங்களின் காசும் தமிழ்நாட்டில் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால், அது வியாபாரத்துக்கு வந்ததாக இராது. மாலுமியோ கணக்கனோ தன் மடியில் மறந்து கொண்டுவந்த சில்லறையாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த அபூர்வம் கரூரில் நிகழ்ந்தது. கரூர் என்பது சேரருடைய வஞ்சி. அங்கே அமராவதி ஆற்று மணலில் பழங்காசுகள் அகப்பட்டு, வியாபாரிகள் கைக்கு வரும். தினமலர் ஆசிரியராயிருந்து 2021-ல் காலமான இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் பல்லாண்டு பொறுமையாக இவற்றை வாங்கி, ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, படத்தோடு நூலாக்கினார். 1994-ல் கரூர், மதுரை ஊர்களில் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக்காசுகளைப் பற்றி ஒரு நூல். 2000-ல் கரூரில் கிடைத்த, ரோமையைச் சேராத பழைய அந்நிய நாணயங்களைப் பற்றி ஒரு நூல். பின்னதிலே கிரேக்க நகரங்கள், பெனீசியா, சீரியாவை ஆண்ட செலூக்கியர் ஆகியோருடைய காசுகள் வருகின்றன. தேய்ந்துபோய், சட்டைப் பொத்தான் அளவாய் இருக்கும் இவற்றைப் பழைய பித்தளையோடு எடைக்குப் போட்டிருந்தால் இந்நேரம் குத்துவிளக்காகியிருக்கும். ஒருவர் விலை கொடுத்து வாங்கிப் படித்ததால் நமக்குத் தெரிய வந்தது. அவருடைய வேலைக்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

இருந்தாலும் ஒரு குறை உண்டு; அதையும் சொல்லவேண்டும். ஆற்று மணலில் கிடைத்த காசுக்கு மண்ணடுக்கு இல்லை. எந்தச் சுவரடியில், எந்தப் பானையோடு கிடந்தது என்று தெரியாது. அந்தக் காலத்திலேயே வந்ததா, பின்னொரு நாளில் எவரோ கொண்டுவந்ததா என்று ஒருவர் கேட்டால் காசு வாய்திறந்து பதில் சொல்லாது. காசு கிடந்த இடம் காசைப்போலவே விலையுள்ளது என்பதைச் சேகரிப்போர் சிலர் இன்னும் ஒப்புக்கொள்ளுவதில்லை.

பிற்கால ரோமச் செப்புக்காசு என்றேனே, அவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மதுரை, கரூர், திருக்கோவலூர்ப் பக்கமும், அதைவிட மிகுதியாக இலங்கையிலும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சுண்டுவிரல் நகத்தளவு. இவற்றில் சில வகைகளில் வாகைமாலையின் நடுவே ஒரு சிலுவை. திபேரியுவின் ஆட்சியில் அவன் அதிகாரி ஒருவன் நம் ஆண்டவரை அறைந்த அதே சிலுவை, நானூறு ஆண்டு சென்றபின் செசாருடைய காசில் மாலைக்குள்ளே நிற்கிறது. அதை இங்கே சந்தையில் வாங்கிய தமிழனுக்கு அந்தக் குறியின் பொருள் தெரிந்திருந்ததோ என்னவோ.

நம் தாமல் பக்கத்தார் இவையெல்லாம் கொங்கு நாட்டுச் சமாச்சாரம் என்று இருந்துவிடவேண்டாம். பாலாறு நமக்கு எட்டின தூரத்தில் ஓடுகிறது. அது கடலோடு சேரும் இடத்தருகே, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வசவசமுத்திரம் என்ற சிற்றூரில் 1970-ல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையார் தோண்டினார்கள். திராட்சை மது வந்திறங்கிய கூர் அடிச் சாடிகளின் உடைசல்கள் அங்கே கிடைத்தன. காஞ்சி பெருநகரம், பாலாற்று முகம் அதன் துறைகளில் ஒன்று. ஏரி தூர்வாரும்போதும், கிணறு வெட்டும்போதும், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் எந்தக் காலத்துக் காசும் தலைகாட்டலாம். பல்லவர் காசோ, சோழர் காசோ, வேறு எதுவோ.

அப்படிக் கிடைத்தால் செய்யவேண்டியதைச் சொல்லுகிறேன். முதலாவது, புளி போட்டு விளக்காதீர்கள். வீட்டில் பித்தளைச் செம்பை விளக்கும் பழக்கத்தில் பெண்பிள்ளைகள் செய்துவிடுவார்கள். செம்பின்மேல் படிந்த பச்சைத்தோல்தான் எழுத்தைக் காப்பது; புளி அதை உரித்துவிடும். சாம்பல், எலுமிச்சம்பழம், உப்புத்தாள் எதுவும் ஆகாது. கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி, காசோடு சேர்த்து மடித்து வையுங்கள்.

இரண்டாவது, அதை மறைக்காதீர்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்து வெளிப்பட்ட பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும். உரியவர் எவரும் இல்லையென்று தீர்ந்தால் கண்டெடுத்தவருக்குப் பங்கு உண்டு. நிலத்துக்காரர் கோரினால் முக்கால் பங்கு கண்டவருக்கு, கால் பங்கு அவருக்கு. அரசாங்கம் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும். தெரிவிக்காமல் மறைத்தவருக்கோ பங்கும் போய், ஒரு வருஷம்வரை சிறையும் வரலாம். நிலத்தில் புதையல் கண்டவன் அதை மூடிவைத்துவிட்டுப் போய் நிலத்தை வாங்கினான் என்று ஆண்டவரே உவமை சொல்லவில்லையா என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதித்தார். உவமை மோட்ச இராச்சியத்துக்குச் சொன்னது, கலெக்டர் ஆபீசுக்குச் சொன்னதல்ல என்றேன். நியாயமான சட்டம் மனச்சாட்சியையும் கட்டும். ஏழாம் கற்பனை மண்ணுக்கடியிலும் செல்லும்.

பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம் என்று தெருவில் கூவிவருகிறவர் அதை என்ன செய்வார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாட்டி கல்யாணத்துப் புடவை நெருப்பில் போய், வெள்ளி மட்டும் மிஞ்சும். நெய்த கை, நெய்த காலம் எல்லாம் புகை. புதையல் வெள்ளியைத் தட்டானிடம் கொடுத்து உருக்குவதும் அதுவே. இரகசியமாக வாங்கிக்கொள்ளுகிறேன் என்று வரும் தரகன் இன்னொரு வகை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயத்தைத் தனியார் வெளிதேசத்துக்கு அனுப்புவது 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம்.

சேகரிக்க ஆசையுள்ள வாலிபருக்கு நான் தடை சொல்லவில்லை. நல்ல பழக்கம்தான், கையும் கண்ணும் பொறுமை கற்கும். ஆனால் வாங்குகிற இடத்தில் ரசீது கேளுங்கள். உரிமமுள்ள வியாபாரியா என்று கேளுங்கள். கள்ளக்காசு நிறைய உலவுகிறது. பழங்காசு இரண்டு அச்சுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்தது. கள்ளக்காசு பெரும்பாலும் வார்த்தது. ஓரத்தைச் சுற்றிக் கோடுபோல ஒரு தையல், மேற்பரப்பில் குமிழி வெடித்த சின்னக்குழிகள், எழுத்தில் சோப்புக்கட்டி போன்ற மழுங்கல், இவை வார்ப்பின் அடையாளம். திருநாட்டு யாத்திரை போகிறவர்கள் சிறப்பாகக் கவனிக்கவும். விதவையின் காசு என்று சொல்லித் தெருவில் நீட்டுவார்கள். அந்த நாட்டில் பழம்பொருள் விற்க உரிமம் வேண்டும். வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் பக்திக்காக வாங்கினேன் என்பது சுங்கச்சாவடியில் எடுபடாது.

பிள்ளைகளுக்கு விடுமுறையில் சென்னை போக வாய்த்தால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். கரூர் வழியாகப் போகிறவர்கள் அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். திபேரியுவின் வெள்ளிக்காசு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். அதிலுள்ள எழுத்து லத்தீன். ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். உகரத்துக்கு வகர எழுத்தைப் போட்டிருப்பார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். செசார் என்ற பெயரை அவர்களாகவே கண்டுபிடிக்க விடுங்கள்.